கேட்டுவிட்டுத்தான் செய்வாள்

அவள் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்பாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அது பெரிய பொய் இல்லை. ஒருமுறை பேருந்தில், காலியாக இருந்த இருக்கைக்குப் பக்கத்து இருக்கைக்காரரிடம், "அங்கிள், நான் இங்க உக்காரலாமா?" என்று கேட்டாள். அவர் காதில் இயர்ஃபோன். பதில் வரவில்லை. எட்டு நிறுத்தங்கள் நின்றுகொண்டே வந்தாள். இறங்கும்போது, "என்ன லூசா நீ?" என்றேன். "கேட்டுட்டேனே. அவரு இன்னும் பதில் சொல்லல" என்றாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டால் "தாராளமா" என்பாள். அதனாலேயே கேட்கவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. கீபோர்டு வாசிப்பாள், பாடுவாள், தெருவில் பிடித்த சத்தங்களை மடிக்கணினியில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவாள். சனிக்கிழமைகளில் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசிப்பது சோற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா. கட்டட வேலையிடத்துப் பையன்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், தாதிகள் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் லிட்டில் இந்தியாவுக்கு வந்து கூடுகிற அந்த ஒரு நாளில், தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். படிவம் நிரப்பித் தருவாள், கடிதம் படித்துச் சொல்வாள். பாட விரும்புகிறவர்கள் பாடலாம். எனக்கு இருபத்திரண்டு, பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. அடுத்த செமஸ்டருக்குள் உலகத்தைத் திருத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த நான் அவள் மேசையைப் பார்த்தால் சும்மா போவேனா?

நான் முதன்முதலில் அவளைப் பார்த்தபோது ஒரு டீக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க டீ ஆத்துற சத்தத்த ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா?"

"சத்தத்தையா? அதுக்கெல்லாம் எதுக்கும்மா கேட்டுக்கிட்டு? என் மூஞ்சியவே கேக்காம புடிச்சிட்டுப் போறாங்க."

"அவங்களும் கேக்கணும்தானே."

"பின்னாடி நிக்கிறவங்க கேப்பாங்க பாரு, டீ எங்கன்னு."

பதிவு செய்து, ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முகம் கோணியது.

"என்னம்மா இது, யாரோ ஒண்ணுக்குப் போற மாதிரி இருக்கு?"

"அழிச்சிடட்டுமா?"

"அழி, அழி. இரு, நல்லா ஒசத்திப் பிடிச்சு ஆத்துறேன்."

வரிசையில் நின்ற நாங்கள் எல்லாம் டீக்காகக் காத்திருந்தோம். அவர் மூன்று முறை ஆற்றினார். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது.

இதுதான் அவள் வேலை செய்யும் விதம். யாரைப் பதிவு செய்தாலும் அங்கேயே, அப்போதே, அவர்களைக் கேட்க வைப்பாள். கட்டைவிரல் அழிக்கும் பொத்தானின் மேல் தயாராக இருக்கும். "வைக்கட்டுமா, அழிக்கட்டுமா?" அவர்கள் அழி என்றால், திரையை அவர்களுக்குக் காட்டி அவர்கள் கண் முன்னால் அழிப்பாள். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்க மாட்டாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிரேன் ஓட்டுகிற ஓர் அண்ணன், ஊரில் இருக்கும் மகளுக்காகத் தானே கட்டிய தாலாட்டு ஒன்றைப் பாடினார். அதைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பாடி முடித்துவிட்டு, "அழிச்சிடுங்க தங்கச்சி. வீட்ல கேட்டா அழும்" என்றார். "நிஜமாவா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டாள். "ஆமா." அழித்துவிட்டாள்.

நான் குதித்தேன். "அது எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?"

"தெரியும் கவி. அதான் ரெண்டு தடவ கேட்டேன்."

"ரெண்டு தடவ கேக்குறது பிரஷர் இல்லையா?"

வம்புக்குச் சொன்னேன். அவள் வெலவெலத்துப் போனாள். "அப்படியா? ஆமால்ல?" அடுத்த ஞாயிறு அந்த அண்ணனைத் தேடிப் பிடித்து, தான் இரண்டாவது முறை கேட்டது அவருக்குச் சங்கடமாக இருந்ததா என்று கேட்டாள். அவர் பாவம், இது என்ன பரீட்சை என்று என்னைப் பார்த்தார்.

ஈசூனில் அவள் குடும்பம் இருந்தது. மூவறை வீடு, அம்மா, அப்பா, ஒரு தம்பி. ஒரு முறை மேல்மாடிக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். இவள் தன் மாடி, மேல்மாடி, கீழ்மாடி என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, எந்த நேரத்தில் வாசித்தால் தொந்தரவு இல்லை என்று கேட்டு, ஓர் அட்டவணை போட்டாள். வாரா வாரம் போய் மாற்றம் உண்டா என்று வேறு கேட்பாள். கடைசியில் மேல்மாடிக்காரரே கையெடுத்துக் கும்பிட்டார். "எப்ப வேணும்னாலும் பாடிக்கம்மா. நீ வந்து கேக்குறதுதான் இப்ப பெரிய டிஸ்டர்பன்ஸ்."

இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். எனக்கு அவளை அத்தனை பிடிக்கும். யாரையும் எதுவும் கேட்காமல் எல்லாம் நடக்கிற ஊரில் இப்படி ஒருத்தி இருக்கிறாளே என்று பெருமையாக இருக்கும். இப்போது அதே கதையைச் சொல்லும்போது எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை.

வாடகை அறை விஷயத்தைத் தொடங்கியது நான். ஜெனி என்று ஒரு தாதி எங்கள் மேசைக்கு வருவாள். நாகர்கோவில்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அவள் தங்கியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். மாதக் கடைசிக்குள் வேறு அறை பார்க்க வேண்டும். நாலு வாரம் இருந்தது. விளம்பரத்தில் அறை காலியாக இருக்கும்; ஜெனி பேசியதும் நிரம்பிவிடும். நான்தான் கொதித்துப் போய், இதைப் பதிவு செய்து ஊருக்குக் காட்டலாம் என்றேன். அவளும் கொதித்தாள். ஆனால் முதலில் ஜெனியிடம் கேட்டாள். ஜெனி சரி என்றாள்.

ஒரு ஞாயிறு மதியம், ஸ்பீக்கரில் போட்டு, பதினோரு பேரை அழைத்தோம். பதினோரு மறுப்பு. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லாரும் இருந்தார்கள். சிலர் காரணம் சொன்னார்கள், சிலர் வெறுமனே வைத்துவிட்டார்கள். பதினோராவது தோ பாயோவில் ஒரு தமிழ் ஆண்டி.

"ஹலோ? ஆ, தமிழா? எந்த ஊரு? இந்தியாவா? ஐயோ சாரிம்மா, ஊர் ஆளுங்களுக்கு நாங்க குடுக்குறதில்ல. சமையல் வாசம், அது இதுன்னு கஷ்டம் லா. தப்பா நெனச்சிக்காத, நானும் தமிழ்தான்."

டொக்.

ஜெனி போனைக் கீழே வைத்துவிட்டு, "வாசம் வராத சமையல் எங்க படிச்சுக் குடுக்காங்க?" என்றாள். நாங்கள் சிரித்தோம். ஜெனி சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அன்று மாலையே அவள் மடிக்கணினியில் இதைப் பாட்டாக்கத் தொடங்கிவிட்டாள். பதினோரு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். நடுவில் எல்லாம் அடங்கி, அந்த ஆண்டியின் குரல் மட்டும் தாளத்தில் திரும்பத் திரும்ப: தப்பா நெனச்சிக்காத, நானும் தமிழ்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டோபி காட் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் அவளுடைய முதல் தனி நிகழ்ச்சி முடிவாகியிருந்தது. இதுதான் கடைசிப் பாட்டு என்று நான் அங்கேயே அறிவித்துவிட்டேன்.

"கேக்கணும்" என்றாள்.

"யார்கிட்ட? ஜெனிகிட்ட கேட்டாச்சே."

"இவங்க பதினோரு பேர்கிட்டயும்."

நான் முதலில் நகைச்சுவை என்று நினைத்தேன். பிறகு கத்தினேன். திருடனைப் படம் பிடித்துவிட்டு, போடலாமா என்று திருடனிடமே கேட்பாயா என்றேன்.

"அவங்க குரல் கவி. என்னோடது இல்லையே."

"அவங்க செஞ்சது தப்பு!"

"ஆமா. அதுக்காக அது என்னோடதா ஆயிடுமா?"

  அடுத்த இரண்டு வாரம் அவள் ஒவ்வொருவராக அழைத்தாள், சிலர் வீட்டுக்கே போனாள். ஒருவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். ஒருவர் கதவின் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. ஒரு பெண் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தாள். பத்து பேர் மறுத்தார்கள். பத்து பேர் குரலையும் அழித்தாள். ஒவ்வொன்றாகப் பாட்டு மெலிந்துகொண்டே வந்தது.

பதினோராவது வீட்டுக்கு நானும் போனேன். தோ பாயோ, கோயிலுக்கு நடந்து போகிற தூரம், பன்னிரண்டாவது மாடி. ஆண்டிக்கு அறுபது தாண்டியிருக்கும். கணவர் இல்லை, மகன் ஆஸ்திரேலியாவில். கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டார். மைலோ போட்டுத் தந்தார். அவள் வந்த காரணத்தை ஒளிக்காமல் சொல்லி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள்.

ஆண்டி கேட்டு முடித்தார். நான் அடிக்குத் தயாராக நாற்காலி நுனியில் இருந்தேன்.

"இது நானா?"

"நீங்கதான் ஆண்டி."

"என் வாய்ஸா இது? தகர டப்பா மாதிரி இருக்கு. முப்பது வருஷம் ஸ்கூல் ஆபீஸ்ல அனவுன்ஸ்மென்ட் எல்லாம் நான்தான் குடுப்பேன். பிரின்சிபாலே சொல்வாரு, உங்க வாய்ஸ் வந்தா பிள்ளைங்க தானா வரிசைல நிக்கிறாங்கன்னு. இத அழி. நான் திரும்பச் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஆண்டி, பாட்டு எதப் பத்தின்னு புரிஞ்சுதா? ரூம் குடுக்க மாட்டேன்னு சொல்றத பத்தி. கேக்குறவங்களுக்கு உங்க மேல கோவம் வரலாம்."

"புரியுது லா. எல்லாரும்தானே சொல்றாங்க. நான் மரியாதையா சொல்றேன், அதான் வித்தியாசம்."

வெந்நீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்குக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சொன்னார். முதல் முறை சரியில்லை என்று அவரே நிறுத்தினார். இரண்டாவது முறை ஒரு சொல்லும் பிசகவில்லை. "மன்னிச்சிக்கம்மா. ஊர் ஆளுங்களுக்கு நாங்க குடுக்குறதில்ல. தப்பா நெனச்சிக்காத. நானும் தமிழ்தான்." அத்தனை இனிமையாக ஒரு கதவு சாத்தப்படுவதை நான் கேட்டதே இல்லை.

"வைக்கட்டுமா?"

"வை வை. நல்லா வந்திருக்குல்ல?"

பிறகு, மைலோ கோப்பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொண்ணு என்ன வேல பாக்குது?"

"நர்ஸ் ஆண்டி" என்றேன்.

"நர்ஸா! சொல்லவே இல்லையே!"

"சொல்றதுக்குள்ள வெச்சிட்டீங்க."

ஆண்டி முழங்காலைத் தடவிக்கொண்டார்.  "ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நர்ஸ்னா பரவால்ல. வந்து பாக்கச் சொல்லு."

லிஃப்ட்டில் நான் ஆடினேன். நிஜமாகவே ஆடினேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "அப்ப பாட்டு பொய்யாயிடுச்சா கவி?" என்றாள்.

மாதக் கடைசியில் ஜெனி இரண்டு பெட்டிகளோடு தோ பாயோவுக்குக் குடி போனாள். ஆண்டி அடுப்பில் மீன் குழம்பு வைக்கக்கூட விட்டார். "கால் அமுக்கிவிட்டா நண்டும் வெச்சிக்கலாம் போலிருக்கு" என்று ஜெனி சொன்னாள். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருந்தது. பாட்டை விட்டுவிடலாமா என்று அவளுக்குக் குழப்பம். குழப்பம் வந்தால் என்ன செய்வாள்? கேட்டாள். ஆண்டியிடம் கேட்டாள்: "போடும்மா, ரெண்டு தடவ சொன்னேன்ல, வேஸ்ட்டா போகணுமா?" ஜெனியிடம் கேட்டாள். "உங்க இஷ்டம்" என்றாள் ஜெனி. அது சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது இருவரும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. பதினோரு பேர் இல்லை என்றார்கள். பத்து பேர் தப்பிவிட்டார்கள். கதவைத் திறந்து, உட்கார வைத்து, மைலோ கொடுத்து, கடைசியில் அறையும் கொடுத்த ஒரே ஒருத்தர் மட்டும் பாட்டில் மாட்டிக்கொண்டார். இதை அவளிடம் சொன்னேன். "மத்தவங்க சரின்னு சொல்லலையே" என்றாள். கணக்கு சரிதான். சரியாக இருந்ததே ஒரு மாதிரியாக இருந்தது.

உறுத்தியும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆண்டிக்கும் ஜெனிக்கும் முன்வரிசையில் இரண்டு இருக்கை போட்டேன். எங்கள் கதையின் வெற்றி அவர்கள், எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று ஆசை. யாரிடமும் கேட்கவில்லை.

ஆண்டி மயில் பச்சையில் பட்டுப் புடவை கட்டி வந்தார். அரங்கு நிறைந்திருந்தது. கடைசிப் பாட்டு தொடங்கியதும், தன் குரல் ஒலிபெருக்கியில் பெரிதாக வர, ஆண்டி ஜெனியின் தொடையில் தட்டினார். கேட்டியா என்பதுபோல். ஜெனி தலையாட்டினாள். நான் பக்கச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் முறை "நானும் தமிழ்தான்" வந்தபோது சிரிப்பு எழுந்தது. ஆண்டியும் சிரித்தார். இரண்டாவது முறை சிரிப்பு கொஞ்சம் கசந்திருந்தது. மூன்றாவது முறை, அவள் சொல்லிக்கொடுக்காமலேயே, அரங்கம் சேர்ந்துகொண்டது. பின்னாலிருந்து இளம் பிள்ளைகள் மூக்கால் இழுத்து நக்கலாகக் கத்தினார்கள்: "நானும் தமிழ்தான்!" யாரோ ஒருவன், "வெட்கமா இல்ல?" என்றான். கைதட்டல். ஆண்டியின் கை ஜெனியின் தொடையிலிருந்து எழுந்து தன் கைப்பையின் மேல் போய் உட்கார்ந்தது. சிரிப்பு முகத்திலிருந்து போகவில்லை. போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

மேடையிலிருந்து அவள் அதைப் பார்த்துவிட்டாள். விரல்களை எடுத்தாள். எல்லாச் சத்தமும் அறுந்தது. மைக்கின் பக்கம் குனிந்தாள்.

நான் மனதுக்குள், வேண்டாம், வேண்டாம் என்றேன்.

"ஆண்டி," என்றாள், "நிறுத்தட்டுமா?"

அந்த நொடி வரை அந்தக் குரல் யாருடையது என்று அங்கே நான்கு பேருக்குத்தான் தெரியும். இப்போது எல்லாத் தலைகளும் முன்வரிசைக்குத் திரும்பின. ஒரு பட்டுப் புடவை. மடியில் கைப்பை.

ஆண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்கும்மா? பாடு" என்றார். பள்ளிக்கூட அறிவிப்புக் குரல். கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

அனுமதி கிடைத்துவிட்டது. அவள் வேறு என்ன செய்வாள்? விரல்கள் இறங்கின. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. இந்த முறை யாரும் சேர்ந்து பாடவில்லை. அந்த இனிமையான குரல் மட்டும் தனியாக, ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. ஜெனி எழுந்தாள். "ஆண்டிக்கு கால் வலிக்கு. நாங்க கெளம்புறோம்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, ஆண்டியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் நடுப்பாதையில் மெதுவாக ஏறிப் போனார்கள். பாட்டு முடிவதற்குள் கதவை அடைய முடியவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். "ஆண்டி, சாரி ஆண்டி, என் தப்பு, நான்தான் முன்னாடி உக்கார வெச்சேன்" என்று என்னென்னவோ கொட்டினேன்.

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணையும் சொல்ல முடியாது. வீடு தேடி வந்து கேட்டுச்சு. சரின்னேன். ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தேன். இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் கேட்டுச்சு." புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். "கேக்காம போட்டிருந்தா நல்லா திட்டியிருப்பேன். இப்ப யார திட்டுறது?"

பேருந்து வந்தது. ஜெனி ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அந்த அறையில் ஜெனிக்கு அது பதினைந்தாவது நாள்.

நாலு நாள் கழித்து ஜெனி போன் செய்தாள். குரலை அடக்கி, கீழே விளையாட்டுத் திடலில் நின்று பேசுகிறேன் என்றாள்.

"போகச் சொல்லிட்டாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல. சோறு போடுதாவ, பேசுதாவ. ஆனா வாயத் தொறக்கும் முன்ன என் போன் எங்க இருக்குன்னு பாக்காவ. நேத்து சாம்பார்ல உப்பு கூடிப் போச்சுன்னு சொல்ல வந்தவிய, மேசையில போனப் பாத்துட்டு நிறுத்திட்டாவ. இப்ப நான் உள்ள போகும்போதே செருப்பு வைக்கிற அலமாரியில போன வெச்சிட்டுத்தான் போறேன்."

நான் சாரி சொல்லத் தொடங்கினேன்.

"இப்ப நான் பேச வந்தது அது இல்ல கவி. உன் பிரெண்டு மெசேஜ் போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து ஆண்டிகிட்ட மன்னிப்பு கேக்கலாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். பின்ன? அப்படி தன்மையா கேட்டா என்ன சொல்ல? ஆனா வர வேண்டாம்னு நீ சொல்லேன். அவங்க வந்து கேட்டா ஆண்டி சரின்னுருவாவ. மைலோ போட்டுக் குடுப்பாவ. அவங்க நிம்மதியா போயிருவாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள இருக்கப்போறது நான்தானே? எனக்கு இன்னொரு பதினோரு பேருக்கு போன் பண்ண தெம்பில்ல."

ஞாயிறு காலை நான் தோ பாயோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே புளோக்கின் கீழே, லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் ஒரு பை மாதுளம்பழம். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, நானும் கூட வரப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"போகாத" என்றேன்.

"ஜெனி சரின்னாங்களே."

"உன்கிட்ட யாரு இல்லன்னு சொல்லியிருக்கா?"

பேருந்தில் வழி முழுக்கத் தயாரித்துக்கொண்டு வந்த வரி அது. அவள் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தாள். "கிரேன் ஓட்டுற அண்ணன் சொன்னாரு. அந்தப் பத்து பேரும் சொன்னாங்க. நிறைய பேரு சொல்லியிருக்காங்க கவி."

என் வாதம் அங்கேயே செத்தது. அவள் சொன்னது உண்மை. அப்படியானால் ஆண்டியும் ஜெனியும் சொன்ன சரி ஏன் சரியாக இல்லை? அவர்கள் நல்லவர்கள் என்பதாலா, அவர்களுக்கு எங்களிடமிருந்து ஏதோ தேவைப்பட்டதாலா, நாங்கள் கேட்ட விதமா? லிஃப்ட் கதவு திறந்தது. ஒரு தம்பதி தள்ளுவண்டியோடு இறங்கினார்கள். கதவு எங்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்து, மூடிக்கொண்டு, காலியாக மேலே போனது.

"மன்னிப்புதானே கேக்கப் போறேன்," என்றாள். "அதையும் கேக்காம இருந்தா நான் என்ன ஆளு?"

"தெரியல. எனக்கு நிஜமாவே தெரியல. ஆனா நீ போனா ஜெனிக்கு ரூம் போயிடலாம். போகாமலும் இருக்கலாம். அத நீ டெஸ்ட் பண்ணக் கூடாது."

அவள் பழப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அப்ப நான் போகட்டுமா, வேணாமா?"

"வேணாம்."

அவளிடம் நான் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. கத்தியிருக்கிறேன், வாதாடியிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன். முடிவில் எப்போதும் அவள் கேட்டதற்குத் தலையாட்டியிருக்கிறேன். அவள் என்னை ஒருமுறை, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சரி" என்றாள்.

ஜெனி அந்த வீட்டில் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். எத்தனை நாள் போனை வெளியே வைத்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. என் தோழியும் நானும் அதற்குப் பிறகு சில முறை பேசினோம், பிறகு பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. அவள் இப்போதும் பாடுகிறாள். இப்போதைய பாட்டுகளில் அவள் குரல் மட்டும்தான். சில நாள் அது எனக்கு நேர்மையாகப் படுகிறது. சில நாள் ஒரு வீட்டில் எல்லாரும் வெளியே போய்விட்டதுபோல் இருக்கிறது.

அந்த ஞாயிறு இருவரும் எம்ஆர்டி வரை நடந்தோம். தோ பாயோ நிலையத்தில் ஒரே நடைமேடை, இரண்டு பக்கமும் ரயில். ஈசூன் போகும் ரயில் முதலில் வந்தது. அவள் ஏறினாள். கதவு மூடப்போகிற மணி ஒலிக்கும்போது சட்டென்று கையை நீட்டி, மாதுளம்பழப் பையை என்னிடம் கொடுத்தாள். அதை என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.